பூசி மெழுகுன பார்க்கிங் சீலிங்

போன வருஷம் மார்ச் மாசம், விடியக்காலைல அஞ்சரை மணி இருக்கும், கீழ பார்க்கிங்ல பட்டாசு வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். பால் பாக்கெட் எடுக்க எறங்கின எஃப்3 வீட்டு மாமிதான் மொதல்ல பாத்தாங்க. டி4 வீட்டுக்காரரோட கார் பானெட் மேல தோசைக்கல்லு சைஸ்ல ஒரு கான்கிரீட் பாளம் கெடக்கு, சுத்தி பொடிப்பொடியா ஜல்லி, அண்ணாந்து பாத்தா சீலிங்ல மூணு கம்பி பல்லை இளிச்சிட்டு நிக்குது. கம்பின்னு சொல்றேனே தவிர அதுல கம்பியே பெருசா இல்ல. அந்தக் காலத்துல முறுக்கு கம்பின்னு போடுவாங்க இல்ல, அது இப்ப நெஜமாவே முறுக்கு மாதிரி ஆயிடுச்சு, ரெண்டு விரலால தேச்சா பொடியா உதிருது. அஞ்சு நிமிஷம் முன்னாடி வாட்ச்மேன் அண்ணன் அதே எடத்துல நின்னு அதே காரைத் தொடைச்சிட்டு இருந்திருக்காரு. அதை அவரு சொன்னப்ப யாரும் எதுவும் பேசல, மாமி மட்டும் "பெருமாளே"ன்னாங்க.

எங்க பில்டிங் திருவான்மியூர்ல, 1994ல கட்டினது, ஸ்டில்ட் (கீழ வெறும் தூணும் பார்க்கிங்கும்) பிளஸ் மூணு மாடி, 12 வீடு. பீச்சுக்கு நடந்து போனா ஏழெட்டு நிமிஷம், வீடு வாங்கும்போது அதைத்தான் பெருமையா சொல்லி வித்தாங்க, நாங்களும் பெருமையாதான் வாங்கினோம். அந்தக் கடல்காத்துதான் முப்பது வருஷமா கம்பியைத் தின்னுட்டு இருக்குன்னு இப்பதான் தெரியுது. நான் அசோசியேஷன் செகரெட்டரி. எப்படி ஆனேன்னு கேக்காதீங்க, ஒரு மீட்டிங்குக்கு வரல, அடுத்த நாள் வாட்ஸ்அப்ல எனக்கு வாழ்த்து சொல்லிட்டு இருந்தாங்க.

முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கணும். அந்த சீலிங் திடீர்னு விழல. 2016ல ஒரு தடவை விழுந்துச்சு, 2020ல இன்னொரு தடவை. ரெண்டு தடவையும் தெருமுனைல இருக்கிற ஒரு கொத்தனாரைக் கூட்டிட்டு வந்தோம், அவரு லூசா இருந்ததை ரெண்டு தட்டு தட்டி உதுத்துட்டு, ஒண்ணுக்கு மூணு சிமெண்ட் கலவை போட்டு, கரணையால அறைஞ்சு அறைஞ்சு ஏத்தி, மட்டம் பண்ணி, மேல வெள்ளை அடிச்சுட்டு போனாரு. ஆறாயிரமோ ஏழாயிரமோ ஆச்சு. பாக்க பளிச்சுன்னு இருந்துச்சு. பூசி மெழுகுறதுன்னு தமிழ்ல சும்மாவா சொல்லி வெச்சிருக்காங்க. இந்தத் தடவை விழுந்த பாளத்தைத் திருப்பிப் பாத்தா அதுல பாதி 2020ல பூசின பூச்சு, கிட்டத்தட்ட ரெண்டு இஞ்ச் கனம், வெயிட்டே அதுதான். பழைய கான்கிரீட்டைவிட நாங்க காசு குடுத்து ஏத்தினதுதான் டி4 காரை நசுக்கியிருக்கு.

அன்னிக்கு சாயங்காலமே அதே கொத்தனாரைக் கூப்பிடலாம்னு குரூப்ல நாலு பேரு சொன்னாங்க. நான் என் வாழ்க்கைல எடுத்த உருப்படியான முடிவு, வேணாம், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைப் பாக்கலாம்னு சொன்னது. அதுக்கு ஃபீஸ் 35 ஆயிரம்னு கேட்டதும் குரூப்ல ஒரே மயான அமைதி, அப்புறம் டி1 சார் "அந்தக் காசுக்கு சீலிங் முழுசும் பூசிடலாமே"ன்னாரு. அந்த மெசேஜுக்கு ஆறு தம்ஸ் அப். எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி சம்மதிக்க வெச்சேன்.

வந்தவங்க ஒரு பொண்ணு, முப்பது முப்பத்திரெண்டு வயசு இருக்கும், கூட ரெண்டு பசங்க. பெரிய மெஷின் எல்லாம் கொண்டு வருவாங்கன்னு பாத்தா பையில இருந்து ஒரு சின்ன சுத்தியலும் ஒரு பாக்கெட் சாக்பீஸும் எடுத்தாங்க. ஏணி போட்டு ஏறி சீலிங் முழுக்க, அடிக்கு அடி, தட்டிட்டே போறாங்க. மண்பானை வாங்கும்போது தட்டிப் பாப்போம் இல்ல, அதே டெக்னிக். நல்லா இருக்கிற எடம் டங் டங்னு கெட்டியா கேக்குது, உள்ள விட்டுப்போன எடம் டொப் டொப்னு பொத்தலா கேக்குது. டொப் கேட்ட எடத்தை எல்லாம் சாக்பீஸால வளைச்சு வளைச்சு கோடு போட்டாங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு கீழ நின்னு அண்ணாந்து பாத்தா எங்க பார்க்கிங் சீலிங் உலக மேப் மாதிரி இருக்கு. கண்ணுக்கு விரிசலே தெரியாத எடத்துல எல்லாம் கண்டம் கண்டமா வரைஞ்சிருக்காங்க. டி1 சார் அதைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம மேல போயிட்டாரு.

அப்புறம் ஒரு எடத்துல புதுசா உடைச்சு, ஒரு ஸ்ப்ரே பாட்டில்ல இருந்து ஃபினாஃப்தலீன் அடிச்சாங்க, ஸ்கூல் கெமிஸ்ட்ரி லேப்ல பிப்பெட்ல விட்டோமே அதே சாமான். நல்ல கான்கிரீட்டுக்கு காரத்தன்மை ஜாஸ்தி, பிஹெச் 12, 13 வரைக்கும் இருக்கும், அந்தக் காரம் இருக்கிற வரைக்கும் உள்ள இருக்கிற கம்பி மேல ஒரு மெல்லிசான பாதுகாப்புப் படலம் இருக்கும், துரு பிடிக்காது. காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு வருஷக்கணக்கா மெல்ல மெல்ல உள்ள போய் அந்தக் காரத்தைத் தின்னுடும், அதுக்குப் பேரு கார்பனேஷன். பிஹெச் 9க்கு மேல இருக்கிற எடம் ஸ்ப்ரே அடிச்சா ரோஸ் கலராகும், காரம் போன எடம் கலரே மாறாது. எங்க ஸ்லாபுல வெளிப்பக்கத்துல இருந்து கிட்டத்தட்ட கட்டைவிரல் நீளத்துக்கு சாம்பலாவே இருந்துச்சு, அதுக்கும் உள்ளதான் ரோஸ். கம்பி எங்க இருக்கு? வெளிய இருந்து அரை இஞ்சுல. அதாவது பாதுகாப்பு போய் ரொம்ப வருஷம் ஆச்சு.

அந்த அரை இஞ்ச்தான் கதையோட வில்லன். கம்பிக்கும் வெளிக்காத்துக்கும் நடுவுல இருக்கிற கான்கிரீட்டை கவர்னு சொல்லுவாங்க. ஐஎஸ் 456னு கான்கிரீட் வேலைக்கு இந்திய விதிமுறை ஒண்ணு இருக்கு, கோடுன்னு சொல்லுவாங்க; 2000ல திருத்தின கோடு, கடலோரக் காத்து படற எடத்துக்கு 45 எம்எம் கவரும் குறைஞ்சது எம் 30 கான்கிரீட்டும் (எம் நம்பர் கூடக்கூட பலம் ஜாஸ்தி) கேக்குது. எங்க பில்டிங் கட்டினப்ப இருந்தது 1978 கோடு, அதுல ஸ்லாபுக்கு அடிப்படைக் கவர் 15 எம்எம்தான், எம் 15 கான்கிரீட்லயே வேலையை முடிச்சிடலாம். கடல்காத்து படுற எடத்துல கூடுதலா குடுக்கணும்னு அதுலயும் இருந்துச்சு, ஆனா சைட்ல யாரு குடுத்தா? கவர் பிளாக் எல்லாம் அப்ப யாரு வெச்சாங்க, சென்ட்ரிங் பலகை மேல கம்பியைக் கட்டிட்டு அங்கங்க ஒரு ஜல்லியை கம்பிக்கு அடில சொருகிட்டு போவாங்க, கான்கிரீட் கொட்டுறவங்க மேல நடக்கும்போது ஜல்லி உருண்டுடும், கம்பி பலகையோட ஒட்டிக்கும். எங்க சீலிங்ல ரெண்டு எடத்துல கம்பிக்குக் கீழ கான்கிரீட்டே இல்ல, வெறும் பூச்சு மட்டும்தான் மூடியிருந்துச்சு. முப்பது வருஷம் தாங்கினதே அதிசயம்.

இதோட உப்பு. கடல்காத்துல வர்ற உப்பு ஒரு பக்கம், அந்தக் காலத்துல கட்டுமானத்துக்கே போர் தண்ணிதான், எங்க ஏரியா போர் தண்ணில அப்பவே பருப்பு வேகாது. உப்புல இருக்கிற குளோரைடு கம்பி வரைக்கும் போயிட்டா, காரம் மிச்சம் இருந்தாக்கூட அந்தப் பாதுகாப்புப் படலத்தை ஓட்டை போட்டுடும். துரு வந்தா என்ன, இரும்பு கொஞ்சம் குறையும் அவ்வளவுதானேன்னுதான் நானும் நெனச்சேன். அதில்லையாம். துருவுக்கு இரும்பைவிட ரெண்டுல இருந்து ஆறு மடங்கு எடம் வேணும். கான்கிரீட்டுக்குள்ள அந்த எடம் ஏது? உள்ள இருந்தே நெம்பி வெளிய தள்ளுது. ஆலமரக் கன்னு கோயில் சுவரைப் பொளக்குற மாதிரிதான். முதல்ல கம்பி போற வழியிலயே மயிரிழை மாதிரி ஒரு விரிசல், அப்புறம் அதுல துருக்கலர்ல ஒரு கறை, அப்புறம் பொருமல், அப்புறம் டி4 கார்.

அடுத்து ஒரு குழாய்ல காப்பர் சல்ஃபேட் தண்ணி ஊத்தி, ஒரு வயரை வெளிய தெரியுற கம்பில மாட்டி, இன்னொரு முனையை சீலிங்ல எடம் எடமா வெச்சு வோல்ட் மீட்டர் பாத்தாங்க. மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டிப் போனா அங்க துரு பிடிச்சிட்டு இருக்க 90 சதவீதத்துக்கு மேல வாய்ப்பு இருக்குன்னு கணக்காம். சில எடத்துல மைனஸ் 450 காட்டுச்சு. எல்லாம் ஒரே பக்கம், எஃப்2 பாத்ரூமுக்கு நேர் கீழ.

இப்ப கொஞ்சம் எஃப்2 பத்தி சொல்லணும். அங்க ஒரு பாட்டி, தனியா இருக்காங்க, பையன் வெளிநாட்டுல. அவங்க பாத்ரூம் சங்கன் ஸ்லாபு, அதாவது பைப் போறதுக்காக ஒரு அடி பள்ளமா எறக்கி உடைசெங்கல் போட்டு நிரப்பினது, அதுல நஹானி ட்ராப், அதாவது தரைத்தண்ணி போற ஓட்டைக்குக் கீழ இருக்கிற பைப், ஜாயின்ட் விட்டுப்போய் தண்ணி உள்ள எறங்கி குளம் கட்டி நிக்குது, அது சொட்டுச்சொட்டா எங்க பீம்ல எறங்குது. இன்ஜினியர் தெளிவா சொல்லிட்டாங்க, அந்தத் தண்ணி நிக்காம கீழ நீங்க தங்கத்துல பூசினாலும் நிக்காதுன்னு. நானும் ட்ரெஷரரும் பாட்டிகிட்ட போனோம். "நான் முப்பது வருஷமா இதே பாத்ரூம்லதாண்டா குளிக்கிறேன், இப்ப மட்டும் எப்படிடா ஒழுகும்?"ன்னாங்க. அப்புறம் கீழ கூட்டிட்டு வந்து அந்தக் கம்பியைக் காட்டினோம். சேர் போட்டு உக்காந்து ரொம்ப நேரம் அண்ணாந்து பாத்தாங்க. "நான் குளிச்ச தண்ணியாடா இது?"ன்னு கேட்டது இன்னும் காதுல இருக்கு. பாத்ரூம் வேலை நடந்த 12 நாளும் எஃப்3 மாமி வீட்டுல குளிச்சாங்க, ரெண்டு பேருக்கும் அதுவரைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, ஏதோ 2009ல துணி காயப்போட்ட தகராறு.

மீட்டிங். இதைப் பத்தி தனியா ஒரு போஸ்ட் எழுதலாம், ஆனா எழுதினா வீட்டை வித்துட்டுதான் போகணும். எஸ்டிமேட் வந்தது 17 லட்சத்து சொச்சம், அசோசியேஷன் கார்பஸ்ல, அதாவது பொது சேமிப்புல, இருந்தது ரெண்டு லட்சத்து எண்பதாயிரம். மூணாவது மாடிக்காரங்க, எங்களுக்கு மொட்டை மாடி ஒழுகுது, தட்டு ஓடு பெயர்ந்து கெடக்கு, அதை மொதல்ல பாருங்க, பார்க்கிங் அப்புறம்னாங்க. கார் இல்லாத ஒருத்தர், எனக்கு பார்க்கிங்கே இல்ல நான் ஏன் தரணும்னாரு. சார், அந்தப் பில்லர் மேலதான் உங்க கட்டிலும் இருக்குன்னு சொன்னதுக்கு கோவிச்சுட்டு எழுந்து போயிட்டாரு, செருப்பை மறந்துட்டு போனதால திரும்பி வந்தாரு, வந்தவரை எஃப்3 மாமி காபி குடுத்து உக்கார வெச்சுட்டாங்க. வீட்டுக்கு இவ்வளவுன்னு சமமா பிரிக்கிறதா யூடிஎஸ் கணக்குல, அதாவது மனைல அவங்கவங்களுக்கு இருக்கிற பங்குப்படி, பிரிக்கிறதாங்கிறதுலயே ஒண்ணரை மணி நேரம் போச்சு. கடைசில யூடிஎஸ் கணக்குன்னு முடிவாச்சு, பெரிய வீடு வெச்சிருக்கிற ரெண்டு பேரு இன்னும் என்கிட்ட சரியா பேசறதில்ல.

எஸ்2 சார் மட்டும் வேற ரூட். அவருக்கு ரிப்பேரே வேணாம், இடிச்சு கட்டிடலாம். 2019ல வந்த ரூல்ஸ்ல எஃப்எஸ்ஐ, அதாவது மனை அளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற கணக்கு, ஒண்ணரைல இருந்து ரெண்டு ஆயிடுச்சு, 2022 அபார்ட்மெண்ட் ஓனர்ஷிப் சட்டத்துல மூணுல ரெண்டு பங்கு ஓனர் சம்மதிச்சாலே போதும், பில்டரைப் புடிச்சா புது வீடும் கெடைக்கும் கைக்காசும் கெடைக்கும், எதுக்கு பழைய பில்டிங்ல 17 லட்சத்தைக் கொட்டணும்? கேக்க நியாயமாதான் இருந்துச்சு, ஏழு பேரு தலையாட்டிட்டாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், சார், பில்டர் பேசி, அக்ரிமெண்ட் போட்டு, அப்ரூவல் வாங்கி, எல்லாரும் காலி பண்ற வரைக்கும் குறைஞ்சது மூணு வருஷம், அது வரைக்கும் இந்த சீலிங் கீழ யாரு வண்டியை விடப்போறாங்க?

அப்பதான் ஃபுளோரிடா கதையைச் சொன்னேன். மியாமி பக்கத்துல சர்ஃப்சைடுன்னு கடலோர ஊர், அங்க சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத்னு 12 மாடி பில்டிங், 1981ல கட்டினது. 2018லயே ஒரு இன்ஜினியர் நீச்சல்குளத் தளத்துக்குக் கீழ இருக்கிற ஸ்லாபுல தண்ணி தேங்கி கான்கிரீட் பெரிய அளவுல கெட்டுப்போயிருக்குன்னு ரிப்போர்ட் குடுத்துட்டாரு. அங்கயும் அசோசியேஷன், அங்கயும் மீட்டிங், அங்கயும் யாரு எவ்வளவு தரணும்னு சண்டை, போர்டு மெம்பருங்க ராஜினாமா. 2021 ஏப்ரல்ல ஒன்றரைக் கோடி டாலர் வசூல் பண்றதுன்னு ஒருவழியா முடிவாச்சு. ஜூன் 24 ராத்திரி ஒண்ணேகால் மணி சுமாருக்கு பில்டிங்ல பாதி அப்படியே உக்காந்துடுச்சு, 98 பேரு செத்துப்போனாங்க. பாம்பன் பாலத்தைப் பத்தி பேசும்போது துருப் பிடிக்கிறதுல மியாமிக்கு அடுத்தபடி நம்ம பாம்பன்தான்னு ஒரு பேச்சு உண்டு, அந்த மியாமிதான் இது. அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம திருவொற்றியூர்லயே 2021 டிசம்பர் 27 அன்னிக்கு குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு ஒண்ணு, 24 வீடு, மொத்தமா சரிஞ்சு விழுந்துச்சே, முன்னாடியே விரிசலைப் பாத்து ஜனங்க வெளிய ஓடி வந்துட்டதால உசுரு பொழைச்சாங்க. அது 1993ல கட்டினது, எங்களைவிட ஒரு வருஷம்தான் மூப்பு. ரூம் கொஞ்சம் அமைதியாச்சு. எஸ்2 சார் மட்டும் "இருந்தாலும்..."னாரு. பணம் முதல் ஆளா கட்டினதும் அவருதான், அதையும் சொல்லணும்.

வேலைக்கு மூணு கொட்டேஷன் வாங்கினோம். ஒருத்தரு சீலிங்கை ஏறெடுத்துப் பாக்காமலே "நாலு நாள்ல பூசி பெயிண்ட் அடிச்சு குடுத்துடறேன் சார்"னாரு. இன்னொருத்தரு பில்டிங் முழுக்க கார்பன் ஃபைபர் சுத்தணும்னு 40 லட்சத்துக்கு வந்தாரு. மூணாவது ஆளு, என்ன மெட்டீரியல், எத்தனை மில்லி கொத்துவோம், எத்தனை முட்டு கொடுப்போம்னு எழுதிக் குடுத்தாரு, இன்ஜினியரும் அவரையே எடுத்துக்கச் சொன்னாங்க.

முதல் வேலை முட்டு கொடுக்கிறது. பீமுக்கு ரெண்டு பக்கமும் இரும்பு ஜாக்கி வெச்சு லோடு தாங்க வெச்சுட்டுதான் கொத்தவே ஆரம்பிச்சாங்க. ஏன்னா கெட்டுப்போன கான்கிரீட்டை எடுக்கும்போது அந்த பீமுக்கு இருக்கிற கொஞ்சநஞ்ச பலமும் போயிடும், இதைச் செய்யாம கொத்துறவங்க இருக்காங்கன்னு கேட்டப்ப வயித்தைக் கலக்குச்சு. அப்புறம் கொத்து. ஐயோ அந்தச் சத்தம். பெரிய பிரேக்கர் போடக்கூடாது, அதிர்ச்சில நல்ல கான்கிரீட்டும் விட்டுப்போகும், அதனால சின்ன மெஷினும் உளியும்தான், அஞ்சு வாரம், காலைல ஒன்பதுல இருந்து சாயங்காலம் ஆறு. பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணு இருக்கிற வீட்டுல இருந்து எனக்கு வந்த மெசேஜ் எல்லாம் வெளிய காட்ட முடியாது.

இங்கதான் 2016லயும் 2020லயும் நாங்க என்ன தப்பு பண்ணோம்னு புரிஞ்சுது. கம்பியோட முன்பக்கம் மட்டும் சொரண்டிட்டு பூசினா, பின்பக்கம் இருக்கிற துருவும் உப்பும் அப்படியே இருக்கும். இப்ப மேஸ்திரி கம்பிக்குப் பின்னாடி விரல் தாராளமா நுழையற அளவுக்கு, ஒரு இஞ்ச், சுத்தி கொத்தி எடுத்தாரு, அப்பதான் புதுக்கலவை கம்பியை முழுசா கட்டிப் பிடிக்கும். அதுவும் துரு எங்க முடியுதோ அங்க நிறுத்தாம, பளபளன்னு நல்ல கம்பி வர்ற வரைக்கும், அதையும் தாண்டி கொஞ்சம் போகணும். இன்னொரு சூட்சுமம் இருக்கு. ஒரே கம்பில ஒரு எடம் துருப்பிடிச்சிட்டு இருந்தா அது பேட்டரி மாதிரி வேலை செஞ்சு பக்கத்து எடத்தைத் துரு பிடிக்காம காப்பாத்திட்டு இருக்குமாம். நீங்க கெட்டுப்போன எடத்தை மட்டும் சுத்தம் பண்ணி புது சிமெண்ட் வெச்சதும், இத்தனை நாள் தப்பிச்ச பக்கத்து எடத்துக்கு முறை வந்துடுது, அங்கதான் ஏற்கனவே உப்பு இருக்கே. எங்க பழைய பூச்சு எல்லாம் நடுவுல நல்லா இருந்து ஓரத்துல சுத்தி சுத்தி பொருமினது அதனாலதான். இதுக்கு கம்பியோட சேத்துக் கட்டுற சின்ன ஜிங்க் கட்டி ஒண்ணு இருக்கு, கம்பிக்குப் பதிலா அது கரையும். விலை ஜாஸ்தி, பாத்ரூமுக்குக் கீழ இருக்கிற ரெண்டு பீமுக்கு மட்டும் வெச்சோம்.

பில்லர் கதை இன்னும் மோசம். பழைய கமிட்டி ஆளுங்க அழகுக்காக எல்லா பில்லருக்கும் அடியில மூணு அடி உயரத்துக்கு கிரானைட் ஒட்டியிருந்தாங்க. அதை உடைச்சா உள்ள ஒரே உப்பு பூத்து, ரெண்டு பில்லர்ல கான்கிரீட் கையால அள்ளற மாதிரி இருந்துச்சு. தினமும் அந்த எடத்துல போர் தண்ணியை ஓஸ்ல அடிச்சு கார் கழுவுறோம், தண்ணி பில்லர் அடியிலதான் போய் நிக்குது, போதாக்குறைக்கு 2023 மிக்ஜாம் புயலப்ப முழங்கால் அளவு தண்ணி ரெண்டு நாள் நின்னுச்சு. கிரானைட் எல்லாத்தையும் அழகா மூடி வெச்சிருந்துச்சு. 16 எம்எம் கம்பியை வெர்னியர் வெச்சு அளந்தா ஒரு எடத்துல 11தான் வருது. அந்த ரெண்டு பில்லருக்கும் சுத்தி புதுக்கம்பி கட்டி, பழைய கான்கிரீட்டுல ஓட்டை போட்டு கெமிக்கல் ஊத்தி கம்பி சொருகி, பலகை அடிச்சு மைக்ரோ கான்கிரீட் ஊத்தினாங்க. ஜாக்கெட்டிங்னு பேரு. பில்லர் ரெண்டு பக்கமும் நாலு இஞ்ச் குண்டாயிடுச்சு, எஃப்1 கார் இப்ப கண்ணாடியை மடக்கினாதான் உள்ள போகுது, அதுக்கும் நான்தான் காரணம்.

சீலிங்ல பண்ணினது கேக்க சிம்பிள். கம்பியை வயர் பிரஷ்ல தேச்சு பளிச்சுன்னு ஆக்கி, ஜிங்க் கலந்த எபாக்ஸி அடிச்சு, பழைய கான்கிரீட்ல பாண்டிங் கோட் அடிச்சு, அது பிசுபிசுன்னு இருக்கும்போதே பாலிமர் கலவையை கையால அமுக்கி அமுக்கி வைக்கணும், ஒரே நேரத்துல கனமா வைக்காம அடுக்கு அடுக்கா. அந்தப் பிசுபிசு நேரம்தான் முக்கியம், காஞ்சு போச்சுன்னா ஒட்டறதுக்காக அடிச்சதே ஒட்டவிடாம தடுக்கும். ஒரு நாள் மதியம் நான் சும்மா எறங்கிப் பாக்கிறேன், சாப்பிடப் போறதுக்கு முன்னாடி பாண்டிங் கோட் அடிச்சுட்டுப் போயிருக்காங்க, தொட்டா கண்ணாடி மாதிரி காஞ்சு கெடக்கு, ஒரு சின்னப் பையன் அது மேல கலவை வைக்க ரெடியா இருக்கான், கலவையும் இறுகிடுச்சுன்னு அதுல ஒரு சொம்பு தண்ணி ஊத்தி கரைச்சிட்டு இருக்கான். பாக்கெட்ல எவ்வளவு தண்ணின்னு லிட்டர் கணக்குல போட்டிருக்கான், இவன் சாம்பாருக்கு ஊத்துற மாதிரி ஊத்துறான். நான் கத்தல, மேஸ்திரிக்கு போன் போட்டேன். அவரு வந்து அந்தச் சட்டில இருந்ததைக் குப்பைல கொட்டிட்டு, அந்த எடத்தைத் திரும்ப சொரண்டச் சொன்னாரு. "சார் நீங்க பாக்கலேன்னா நானும் விட்டிருப்பேன், உண்மையைச் சொல்றேன்"னாரு. அந்த ஆள் மேல எனக்கு மரியாதை வந்ததே அப்பதான். அதுக்கப்புறம் நாங்க ஒரு முறை போட்டோம், தினமும் யாராவது ஒருத்தர் வீட்டுல இருந்து கீழ போய் நிக்கணும். ரிட்டயர் ஆனவங்க இருக்கிற பில்டிங்ல அது ஒரு வசதி. எஃப்2 பாட்டி கூட ரெண்டு நாள் டியூட்டி பாத்தாங்க, பசங்களுக்கு மோர் குடுத்துட்டே.

கடைசியா கார்பனேஷனைத் தடுக்கிற ஒரு பெயிண்ட், மொட்டை மாடில தட்டு ஓட்டைப் பேத்து புதுசா வாட்டர் ப்ரூஃபிங், பார்க்கிங் தரையில பில்லரை விட்டு தண்ணி ஓடற மாதிரி வாட்டம். செலவு 17 இல்ல, 19ல போய் நின்னுச்சு, உள்ள கொத்தினப்புறம்தான் எவ்வளவு கெட்டிருக்குன்னே தெரியும், அதனால எஸ்டிமேட்டுக்கு மேல கொஞ்சம் கையில வெச்சுக்கோங்கன்னு இன்ஜினியர் சொன்னதை நாங்க யாரும் காதுல வாங்கல. கார் கழுவுறதுக்கு இனிமே வாளியும் துணியும்தான், ஓஸ் பைப்பை எடுத்து நான் பூட்டி வெச்சிருக்கேன், சாவியை டி4 தினமும் கேக்கறாரு.

கண்ணுக்குத் தெரியாம போனது நிறைய இருக்கும்னு தெரியும். மைனஸ் 250, 300ன்னு காட்டின எடங்களை நாங்க தொடல, காசு இல்ல, அதைக் கண்காணிச்சா போதும்னு இன்ஜினியரும் சொன்னாங்க. அதனால இந்த வருஷம் மழை முடிஞ்சதும் பொங்கல் லீவுல நானும் வாட்ச்மேன் அண்ணனும் ஏணியும் சுத்தியலும் எடுத்துட்டு கெளம்பினோம். அவரு தட்ட, நான் கேக்க. முக்கால்வாசி டங் டங். எஸ்2 சார் வண்டி நிக்கிற எடத்துக்கு மேல, பழைய கான்கிரீட்ல, உள்ளங்கை அளவு ஒரு எடத்துல அண்ணன் கை நின்னுச்சு. திரும்பத் தட்டினாரு. டொப். "சார், இது பேசுது"ன்னாரு. சாக்பீஸால வட்டம் போட்டு பக்கத்துல தேதி எழுதி, போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன். மூணு தம்ஸ் அப் வந்துச்சு. எஸ்2 சார் வண்டியைப் பக்கத்து எடத்துக்கு மாத்தி விட்டுட்டாரு, அது என்னோட எடம்.